நூறு வருடக் கறுப்பும் ஓர் உருண்டைப் புளியும்

கொழும்பு ஏழில் நூதனசாலை என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருகிற அந்தப் பெரிய வெள்ளைக் கட்டிடத்தில் நான் வேலை செய்யவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சண்டைக்கு வரக்கூடாது. நான் வேலை செய்தது சின்னதாய், பழைய ஓட்டுக் கூரையோடு, மழை பெய்தால் இரண்டாம் அறையில் மூன்று வாளி வைக்கவேண்டிய, பழம்பொருள் காட்டும் ஒரு நூதனசாலையில். நுழைவுக் கட்டணம் கிடையாது. அப்படியிருந்தும் சில நாட்களில் எங்களைப் பார்க்க வருகிறவர்களைவிட வாளிகளின் எண்ணிக்கை கூடவாக இருக்கும். அங்கே ‘கல்விப் பிரிவு’ என்று மூன்று மொழியிலும் எழுதிய பலகை ஒன்று தொங்கும். பலகைக்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, நான். அவ்வளவுதான் கல்விப் பிரிவு.

நூதனசாலைக்கு வர வசதியில்லாத பகுதிகளுக்கு நூதனசாலையே போகவேண்டும் என்று அமைச்சு ஒரு திட்டத்துக்கு அரசாங்கப் பணம் ஒதுக்கியிருந்தது. சனிக்கிழமைகளில் ஒரு பெட்டி நிறையப் பொருட்களோடு நான் போய்ப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும். வருடக் கடைசியில் ஒரு பஸ் பிடித்து, தாய்மாரையும் பிள்ளைகளையும் நூதனசாலைக்குக் கூட்டிவந்து, மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலும் கொடுத்து அனுப்பவேண்டும். பஸ் மாத்திரம் நிச்சயமில்லை. அமைச்சிலிருந்து ஒருவர் வந்து பார்த்து, திருப்திப்பட்டு, கையெழுத்து வைத்தால்தான் பஸ்ஸும் உண்டு, அடுத்த வருடமும் உண்டு. பைலில் எங்கள் பிள்ளைகளுக்கு ‘குறைந்த வருமானம் பெறும் சமூகம்’ என்று பெயர். அதை ஒருநாளும் கொட்டாஞ்சேனையில் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேத்தண்ணி தந்திருக்க மாட்டார்கள்.

எனக்குக் கிடைத்தது கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டம். கொழும்பில் தோட்டம் என்றால் மரஞ்செடி தேடக்கூடாது. ஒரு குறுகிய ஒழுங்கை, இரண்டு பக்கமும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வீடுகள், நடுவில் பொதுக் குழாய், கடைசித் தொங்கலில் ஒரு மண்டபம். வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறி நான் போய்ச் சேரும்போது என் சேலை பிழிந்து காயப்போடும் நிலையில் இருக்கும். முதல் நாளே ஒருவர் என்னைக் கதிரையில் இருத்தி, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார். மண்டபத்துப் பூட்டின் திறப்பு அவரிடம்தான் இருந்தது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அதனால் எனக்கு அக்கா. தோட்டத்தில் எல்லாருக்குமே அவர் அக்காதான்.

அக்காவுக்கு வேலை பணக்காரர் வாழும் கொழும்பு ஏழில். மூன்று வீடுகளில் கூட்டித் துடைத்து, பாத்திரம் கழுவிக் கொடுப்பார். எங்கள் நூதனசாலை வாசலால் பதினெட்டு வருடமாகப் போய்வருகிறார். உள்ளே வந்ததில்லை. ஏன் அக்கா, இலவசம்தானே என்று கேட்டேன். கூப்பிடாத இடத்துக்கு எப்படி வருவது என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். எனக்கு வந்ததே ஒரு கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம், அதுதான் எனக்கு அடிக்கடி வருகிறது. அந்தக் கோபத்தில், இந்த வருடம் முடிவதற்குள் உங்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் உள்ளே காட்டாவிட்டால் நான் இந்த வேலையில் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அமைச்சின் கையெழுத்து இன்னும் வரவில்லை என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அக்கா மறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை, பஸ்ஸுக்கு எந்தச் சேலை உடுக்கலாம் என்று கேட்டார்.

பெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். அதற்குள் இருந்ததெல்லாம் மாதிரிகள். சுண்ணாம்புச் சாந்தில் வார்த்த கல்வெட்டுத் துண்டு, பிளாஸ்டிக் நாணயங்கள், போன வருடம் யாரோ எழுதிய பழைய ஓலைச்சுவடி. முதல் கிழமை பிள்ளைகள் “இது நெசமா மிஸ்?” என்று கேட்டார்கள். மாதிரி என்றேன். மூன்றாம் கிழமை நான் பெட்டியைத் திறக்க முன்னமே எல்லாரும் சேர்ந்து “மாதிரி!” என்று பாட்டுப் பாடினார்கள். கொழும்பு ஏழுப் பிள்ளைகளுக்கு நெசம், கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்கு மாதிரியோ என்று கேட்டு எங்கள் பணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிறகு இன்னொன்று. பிறகு நேரே போய் அவர் மேசைக்கு முன்னால் நின்றேன்.

பணிப்பாளர் கெட்ட மனிதர் அல்ல. சிங்களவர், மெதுவாகப் பேசுவார், யாரையும் நோகடிக்க மாட்டார். கணக்காய்வாளர் என்ற சொல்லைக் கேட்டால் மாத்திரம் முகம் வெளிறிவிடும். இரண்டு மாதம் யோசித்து, களஞ்சியத்தில் கிடந்த ஒரு பித்தளைக் குத்துவிளக்கைத் தந்தார். இடுப்பு உயரம்கூட வராது. ஐந்து முகம். உச்சியில் ஓர் அன்னம், அதன் சொண்டு, அதாவது அலகு, உடைந்திருந்தது. அடியில் வெள்ளைப் பெயின்ட்டில் பதிவிலக்கம். கடிதங்கள் தொலைந்துபோனதால் யார் கொடுத்தது என்றே தெரியாமல் இருந்த விளக்கு அது. அதனால்தான் தந்தார் என்பது எனக்கும் விளங்கியது. ஆனாலும் அது நெசம். என்னிடம் நாலு இடத்தில் கையெழுத்து வாங்கினார். பெட்டி ஓர் இரவுகூட வெளியில் தங்கக்கூடாது, விளக்குக்கு ஏதும் நடந்தால் சுற்றுநிருபத்தின்படி விசாரணைச் சபை அமைத்து அன்றே திட்டம் நிறுத்தப்படும் என்று மூன்று தரம் சொன்னார்.

அந்த விளக்கைப் பிள்ளைகள் நடுவில் வைத்தபோது ஒரு சத்தமும் இல்லை. இது நெசம் என்றேன். ஒவ்வொருவராக வந்து ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்கள். ஏன் மிஸ் இவ்வளவு கறுப்பு என்று ஒரு பிள்ளை கேட்டது. இதற்காகத்தானே இத்தனை வருடம் காத்திருந்தேன் என்று நினைத்து நான் ஒரு பெரிய விளக்கம் கொடுத்தேன். நூறு வருடமாக இதை ஒருத்தரும் தேய்க்கவில்லை, இந்தக் கறுப்புத்தான் இதன் வயது, தேய்த்தால் வயது போய்விடும், அதனால்தான் நாங்கள் இதைப் பொத்திப் பொத்திக் காக்கிறோம். அருமையாகச் சொன்னேன் என்றே இன்றும் நினைக்கிறேன். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய்மாரிடம் முதல் வசனத்தை மாத்திரம் சொல்லியிருக்கிறார்கள்.

நூறு வருடமாக ஒருத்தரும் தேய்க்கவில்லை. தோட்டத்துப் பெண்கள் அதைக் கேட்டு எவ்வளவு மனம் வருந்தினார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அங்கே வெள்ளிக்கிழமை பின்னேரம் குழாயடியில் விளக்குத் தேய்க்காத வீடு இல்லை. வேதக்கார வீடுகளில்கூட அன்றைக்கு மாதா முன்னால் வைக்கிற மெழுகுதிரித் தண்டு வெளியே வந்துவிடும். பெரிய இடம், அரசாங்கத்து இடம், ஒரு விளக்குத் தேய்க்க ஆளில்லையே, பாவம் மிஸ் தனி ஆளாய் என்ன செய்வா என்று கதைத்திருக்கிறார்கள். குறைந்த வருமானம் பெறும் சமூகம் எங்கள் நூதனசாலையைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

அமைச்சு மேடம் வருகிற நாள் குறித்தாயிற்று. சனிக்கிழமை காலை பத்து மணி. பணிப்பாளரும் நானும் அமைச்சு வாகனத்திலேயே போவதாக ஏற்பாடு. அதில் பெட்டிக்கு இடமில்லை என்றார்கள். நூதனசாலை வேன் வழக்கம்போலக் கராஜில் கிடந்தது. வேறு வழியில்லாமல் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஓட்டோ பிடித்து, பெட்டியைக் கொண்டுபோய் மண்டபத்தில் வைத்து, பூட்டி, திறப்பை அக்காவிடமே விட்டுவிட்டு வந்தேன். பெட்டி அன்றிரவு வெளியில் தங்கியது. என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் பேப்பரை இறக்காமலே சொன்னார்.

“உமக்கு விசர். நாளைக்கு ஏதும் நடந்தால் என்னட்ட வந்து அழக்கூடாது.”

அவருக்கு எப்போதும் இப்படித்தான், வாயில் நல்ல சொல் வராது. ஒன்றும் நடக்காது என்று நான் சொன்னேன். ஆறு மணிபோல அக்கா போன் எடுத்தார். விழா என்றால் குத்துவிளக்கு ஏற்றத்தானே வேண்டும், வழக்கமாகக் கோயில் விளக்கைத்தான் வாங்குவோம், அது ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டது, என்ன செய்ய என்று கேட்டார். நான் அந்த நேரம் சிங்களத்தில் வரவேற்புரை எழுதிக்கொண்டிருந்தேன். மேடத்துக்கு முன்னால் தடுக்கக்கூடாதே என்ற யோசனைதான் தலை முழுக்க. விளக்குக்கு எப்படியும் ஒரு வழி பாருங்கோ அக்கா, விளக்கில்லாமல் விழா வைக்க ஏலாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அக்காவின் கையில் மண்டபத்துத் திறப்பு. மண்டபத்துக்குள் பெட்டி. பெட்டிக்குள் விளக்கு. அன்று வெள்ளிக்கிழமை. இதற்குமேல் ஒருவரைக் குறை சொல்லவேண்டுமென்றால் என்னைத்தான் சொல்லவேண்டும்.

மறுநாள் தோட்டம் முழுக்க வாழை இலையும் கடதாசிப் பூவும். பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் வரிசையாக நின்று வெற்றிலை கொடுத்தார்கள். மேடம் உயரமான, கண்டிப்பான முகமுள்ள மனுசி. சிரிக்கவில்லை, கையில் கடதாசிக் கோவை, கோவைக்குள் என் அறிக்கை. மண்டப வாசலில் குத்துவிளக்கு நின்றது. அப்பப்பா, என்ன மினுக்கம். பார்த்தவுடன் கண் கூசியது. எங்கே அக்கா இரவல் வாங்கினீர்கள், நல்ல வடிவான விளக்கு என்று அவர் காதுக்குள் சொன்னேன். அக்கா வெட்கப்பட்டுச் சிரித்தார்.

மேடம் முதல் திரியை ஏற்றினார். பணிப்பாளர் இரண்டாவது. மூன்றாவது, அந்தப் பகுதி கிராம உத்தியோகத்தர். தாய்மார் சார்பில் அக்கா நாலாவது. ஐந்தாவதற்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் பெரிய மனுசி மாதிரிச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தேன். குனிந்தபோது உச்சியில் இருந்த அன்னம் என்னைப் பார்த்தது. அதற்குச் சொண்டு இல்லை.

என் கையில் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. எல்லாரும் கைதட்டக் காத்துக்கொண்டிருந்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் ஊதி அணைத்துவிட்டு விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடலாமா என்றுகூட யோசித்தேன். நூதனசாலைக்குள் நெருப்புப்பெட்டி கொண்டுவந்தவருக்கே எங்கள் பணிப்பாளர் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்புகிறவர். அவர் இப்போது தன் சொந்தப் பதிவுப் பொருளில் தேங்காயெண்ணெய் ஊற்றி, திரி போட்டு, கொளுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு திருப்தியோடு நிற்கிறார். நான் ஏற்றினேன். வேறு என்ன செய்ய? எல்லாரும் கைதட்டினார்கள்.

வரவேற்புரையில் என்ன சொன்னேன் என்று தெரியாது. பணிப்பாளரின் கண்ணில் படாமல் பெட்டிப் பக்கம் போய்ப் பார்த்தேன். விளக்கு இருந்த இடத்தில் பழைய பேப்பர் ஒன்று அழகாக மடித்து வைத்திருந்தது. அந்த நேரம் பார்த்து மேடம் என் அறிக்கையை விரித்து, பத்தாம் பக்கத்துப் படத்தில் விரல் வைத்து, பிள்ளைகள் படித்த இந்தக் கறுப்பு விளக்கு எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். பணிப்பாளரும் ஆவலோடு என்னைப் பார்த்தார். என் சிங்களமும் ஓடிவிட்டது, தமிழும் ஓடிவிட்டது.

அக்காவின் சிங்களம் என்னுடையதைவிட எத்தனையோ மடங்கு நல்லது. அவர் முன்னால் வந்து, இதுதான் மேடம் அது என்று வாசலைக் காட்டினார். நேற்றுப் பின்னேரம் நாலு பேர் இருந்து தேய்த்தோம், மூன்று தரம் புளி போட்டோம், நூறு வருட அழுக்கு லேசில் போகவில்லை, அடியில் ஏதோ வெள்ளைப் பெயின்ட் வேறு சிந்தியிருந்தது, அதையும் சுரண்டி எடுத்துவிட்டோம் என்றார். மிஸ்ஸின் நூதனசாலைக்குக் காசு தரலாமா என்று பார்க்கத்தானே மேடம் வந்திருக்கிறார், விளக்குக் கறுப்பாக இருந்தால் என்ன நினைப்பார் என்றும் சொன்னார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. தாங்கள் சோதிக்கப்படுவதாக அவர்கள் நினைக்கவே இல்லை. சோதனை எனக்கு என்றும், என்னைப் பாஸ் பண்ணவைக்கிற வேலை தங்களுக்கு என்றும் நினைத்திருக்கிறார்கள்.

பணிப்பாளர் விளக்கைப் பார்த்தார். எரிந்துகொண்டிருந்த இரண்டாவது திரியைப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார்.

மேடம் விளக்குக்குக் கிட்டப் போய், குனிந்து, அடியில் விரலால் தடவினார். புளி மட்டுமா என்று அக்காவிடம் கேட்டார். புளியும் உப்பும் என்றார் அக்கா. மேடத்தின் வீட்டில் பௌர்ணமிப் போயா தினத்துக்கு முதல்நாள் தேசிக்காய்ச் சாறும் செங்கல் தூளும் போடுவார்களாம். செங்கல் கீறிவிடும் மேடம் என்று அக்கா உடனே மறுத்தார். தேசிக்காய் கொஞ்ச நாளில் பச்சை பிடிக்கும் என்று பக்கத்தில் நின்ற இன்னொரு தாய் சொன்னார். மேடம் கோவையைத் திறந்து எதையோ எழுதிக்கொண்டார். பிள்ளைகள் கல்வெட்டுத் துண்டைப் பற்றிப் பேசப் பாடமாக்கி வைத்திருந்ததெல்லாம் வீணாகிவிட்டது. பத்து நிமிடம் அரசாங்கமும் பொதுமக்களும் பித்தளை பற்றிக் கலந்துரையாடினார்கள். போகும்போதுதான் மேடத்தின் முகம் பழையபடி கண்டிப்பானது. சேத அறிக்கை ஒன்று இணைக்காமல் என்னால் கையெழுத்து வைக்க முடியாது என்று பணிப்பாளரிடம் சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினார்.

திங்கட்கிழமை முழுவதும் அந்த அறிக்கைப் படிவத்துக்கு முன்னால் இருந்தேன். உண்மையை எழுதினால் விசாரணைச் சபை அமைக்கவேண்டும், சபை அமைத்த நாளிலிருந்து திட்டம் நிற்கும். எங்கள் அலுவலகத்தில் ஒரு கதிரைக் கால் உடைந்ததைப் பற்றிய விசாரணையே அப்போது நாலாவது வருடமாக நடந்துகொண்டிருந்தது. பஸ் அவ்வளவுதான். பொய் எழுதினால் பஸ் வரும், ஆனால் எழுதுகிற கை என்னுடையது. அக்கா சேலைக்கு பிளவுஸ் தைக்கக் கொடுத்துவிட்டதாக அன்று காலையில்தான் மெசேஜ் அனுப்பியிருந்தார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். பிறகு மூக்கைச் சீறிவிட்டு உண்மையை எழுதினேன். பெட்டியை வெளியில் விட்டது நான், விளக்குக்கு வழி பார்க்கச் சொன்னது நான், தேய்த்தது அன்பினால். ‘சம்பவத்துடன் தொடர்புபட்டவர்கள்’ என்ற இடத்தில், பொருளுக்கு நெருப்பு வைத்தவர்களின் பதவிகளை ஒன்றிலிருந்து ஐந்துவரை போட்டேன்.

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று தரம் வாசித்தார். ஏன் என்னை இரண்டாவதாகப் போட்டிருக்கிறாய் என்று கேட்டார். ஏற்றிய ஒழுங்கில்தான் போட்டேன் சேர் என்றேன். அவரைப் பயமுறுத்த நினைத்து நான் அப்படி எழுதவில்லை. இதை வாசிக்கிறவர்கள் நம்பினால் நம்பட்டும். அவர் சுற்றுநிருபத்தை எடுத்தார். விசாரணைச் சபையில் யார் யார் இருக்கவேண்டும் என்ற பந்திக்கு வந்ததும் நின்றார். நிறுவனத் தலைவர், அமைச்சின் பிரதிநிதி, சம்பவம் நடந்த பகுதியின் கிராம உத்தியோகத்தர். மூன்று பேரும் என் பட்டியலில் முதல் மூன்று திரியிலும் இருந்தார்கள்.

தொடர்புபட்டவர் சபையில் இருக்கக்கூடாது என்று அடுத்த பந்தி சொல்கிறது. அப்படியானால் சபை அமைக்க ஆளில்லை. சபை அமைக்காவிட்டால் திட்டத்தை நிறுத்தவும் முடியாது. அவர் இதை எனக்குச் சொல்லவில்லை, தனக்குத்தானே மெதுவாக ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு என் அறிக்கையின் மூலையில் ‘சபை அமைக்கப்படும்வரை நிலுவையில்’ என்று எழுதி, ஒரு பிரதியை அமைச்சுக்கு இணைத்து அனுப்பச் சொன்னார். மேடம் சேத அறிக்கை கேட்டார், சேத அறிக்கை போயிற்று. ஒன்றரை மாதத்தில் கையெழுத்து வந்தது. கேட்டதில் பாதிதான், சாப்பாட்டுப் பார்சலுக்கு முட்டை கிடையாது, ஆனால் பஸ் உண்டு. என் அறிக்கை இன்றும் நிலுவையில் இருக்கிறது. விளக்குக்கும் புது இலக்கம் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

பஸ் வந்த நாள் அக்கா நீலச் சேலையில் முதல் ஆளாக இறங்கினார். பிள்ளைகள் உள்ளே ஓடிப்போய் ஒவ்வொரு கண்ணாடிக்கும் முன்னால் நின்று “நெசம்!” என்று கத்தினார்கள். காவலாளி காதைப் பொத்திக்கொண்டான். அக்கா மாத்திரம் சுவரோரமாக நடந்து, பித்தளைப் பொருட்கள் வைத்த கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் நின்றார். வெற்றிலைத் தட்டங்கள், எச்சில் துப்பும் படிக்கங்கள், ஏழெட்டு விளக்குகள். எல்லாம் கன்னங்கரேல் என்று இருந்தன. அக்கா பெருமூச்சு விட்டார். பிறகு என்னைக் கண்ணால் கூப்பிட்டு, கைப்பையைத் திறந்து காட்டினார். சொப்பிங் பேக் ஒன்றில் ஓர் உருண்டைப் புளி, கடதாசியில் சுற்றிய உப்புச் சரை, இரண்டு பிடி தேங்காய்த் தும்பு.

“இந்தக் கண்ணாடிய எப்பிடித் தெறக்குறது மிஸ்? சோத்துக்கு முந்தி முடிச்சிருவேன்.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அலுமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

“இல்ல மிஸ். இந்த ரோட்டுல நான் சும்மா உள்ள போன எடம் ஒன்னும் இல்ல. பஸ்ஸும் விட்டு, சோறும் குடுத்து, சும்மா எப்பிடிப் பாக்குறது?”

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பதினெட்டு வருடம். ஒரு வீட்டு வாசலாலும் கையில் கூட்டுகிற தும்புத்தடி இல்லாமல் போனதில்லை. நான் என்னவோ கலாசாரத்தைக் காட்டப்போகிறேன் என்று பஸ் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது, அதோடு வழக்கமான அந்தக் கோபமும் வந்தது. இது யாரும் தருகிற தருமம் இல்லை, நீங்கள் பருப்பு வாங்கினாலும் சவர்க்காரம் வாங்கினாலும் அதற்குள் வரி இருக்கிறது, அந்தக் காசில்தான் இந்தப் பஸ் வந்தது, இந்தக் கட்டிடமும் அந்தக் காசில்தான் நிற்கிறது என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

“இது உங்கட காசு அக்கா. நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. சும்மா பாருங்கோ.”

அக்கா நம்பாமல் என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார், அலுமாரியைப் பார்த்தார். மனதுக்குள் பதினெட்டு வருடச் சவர்க்காரத்தைக் கூட்டிப் பார்த்தாரோ என்னவோ. அப்போது பணிப்பாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு அவர் முன்னால் போய் நின்றார். என் காசில் ஏன் சேர் இதையெல்லாம் இவ்வளவு கறுப்பாக வைத்திருக்கிறீர்கள் என்று நல்ல மரியாதையான சிங்களத்தில் கேட்டார்.

பணிப்பாளர் என்னைப் பார்த்தார். நான் படிக்கத்தைப் பார்த்தேன். அவர் இருமிவிட்டு, கவனிக்கிறேன் என்று சொல்லி வேகமாக நடந்துபோனார். அக்கா புளியை என் கையில் தந்தார், வீட்டில் ரசம் வையுங்கள் என்றார். பிறகு பஸ் ஹோர்ன் அடிக்கும்வரை ஒவ்வொரு அலுமாரியாக நின்று, ஒன்றையும் தொடாமல், எல்லாவற்றையும் பார்த்தார். மூன்று வாளிகளையும்கூடப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் புளியில் ரசம் வைத்தேன். வீட்டுக்காரர் இரண்டு தரம் ஊற்றிக்கொண்டு குடித்தார், நல்லாயிருக்கு என்று மாத்திரம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிபோல வாசல் காவலாளி போன் எடுத்தான். ஒரு அம்மா வந்து நிற்கிறா, யார் வரச்சொன்னது என்று கேட்டால் ஒருத்தரும் சொல்லவில்லை என்கிறா, உள்ளே விடுவதா என்று கேட்டான். நான் படியால் ஓடி இறங்கினேன். நான் போய்ச் சேருவதற்குள் அக்கா அவனைத் தாண்டி உள்ளே போய்விட்டார். வேலைக்குப் போகிற பழைய சட்டையோடு, கையில் குடையோடு, பித்தளை அலுமாரிக்கு முன்னால் நின்றார். ஒரு வீடு முடிந்து அடுத்த வீட்டுக்குப் போகக் கால் மணித்தியாலம் இருக்கிறதாம்.

“இன்னும் தேய்க்கலியே” என்றார்.

இல்லை அக்கா என்றேன்.

“சரி, நாளைக்கும் வந்து பாக்குறேன்” என்று சொல்லிவிட்டு, இரண்டாம் அறையையும் ஒருதரம் எட்டிப் பார்த்து, வேலைக்குப் போனார்.